ஹொப்பிங்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழ்ப்படியில்
போட்டோக்கொப்பி, லெமினேட், ரீலோட்,
கடிதம் அடித்துத் தரப்படும், பக்கம் நூற்றைம்பது.
அடிப்பவள் நான்.
ஓ/எல் இங்கிலீஷ் எஸ் பாஸ்.

செவ்வாய்க்கிழமை மருதவீரன் வந்தார்,
கிளென்வாரா தோட்டம், மேல்பிரிவு.
சட்டைப்பையில் எட்டாய் மடித்த மனு:
ஏழு பேர்ச்சஸ் காணி கிடைக்குமென்று
இருபத்திரண்டு குடும்பம்
நம்பிக்கொண்டிருக்கிறோம்.
இங்கிலீஷில் வேண்டும் என்றார்.
நம்பிக்கொண்டிருக்கிறோம் என்ற இடத்தில்
விரல் தானாய் ஓடியது.
மெஷின் சிவப்புக்கோடு போடவில்லை.

வெள்ளிக்கிழமை தாள் திரும்பி வந்தது.
ஒரு சொல்லைச் சுற்றிப் பச்சை மையில் வட்டம்.
சின்னத்தொரை உரத்து வாசிக்க
ஒஃபீஸே சிரித்ததாம்.
மருதவீரனும் சிரித்திருக்கிறார்,
என்னவென்று தெரியாமல்,
மரியாதைக்கு.

ஹோப் என்றால் நம்பு.
கடைசியில் ஓர் ஈ நிற்கும். தான் ஒலிக்காது,
முன்னால் இருக்கும் ஓ-வை நீட்டிவிட்டு
வாய்மூடி நிற்கும்.
இங் வரும்போது அந்த ஈ-யை வெட்ட வேண்டும்,
கவாத்துக் கத்தி வைத்த மாதிரி.
வெட்டிய இடத்தில்தான் இங் துளிர்க்கும்.

ஹொப் வேறு சொல். குட்டை.
அதற்கு இங் வந்தால் பி இரட்டிக்கும்.
நமக்குத் தெரியாத கணக்கா இது?
மண்ணுக்குப் பின் இல்லை வந்தால்
மண்ணில்லை.
ண் ஒன்று கூடும்,
மண் கூடாது.

நான் வெட்டவேண்டியதை வெட்டி
கூட்டக்கூடாததைக் கூட்டியிருக்கிறேன்.
அதுவும் ஒரு சொல்தான் என்பதால்
மெஷினுக்கு ஆட்சேபணை இல்லை.

மிச்ச மனுவை நகத்தால் தடவித் தடவிப் பார்த்தேன்.
அப்ளை: விண்ணப்பித்தோம்,
வை போய் ஐ வந்திருக்கிறது, சரி.
டினை: மறுத்தார்கள்,
அங்கேயும் ஐ, சரி.
மெய்யை ஒட்டி நிற்கும் வை
வால் வந்தால் உருமாறிவிடும்.
ஸ்டே: தங்கினோம், ஐந்து தலைமுறை.
இதில் வை அசையவில்லை.
பக்கத்தில் ஓர் உயிர் நிற்கிறது.

சிட்டிசனுக்குப் பின்னால் ஷிப் வந்தால்
ஓர் எழுத்தும் நகராது.
பெரியம்மா குடும்பம் மட்டும்
தலைமன்னாரில் ஏறியது.

“அப்ப ரெண்டு பி போட்டா என்னா அர்த்தம் புள்ள?”

சொல்ல வாய் வரவில்லை.
வெளியே பனி இறங்கி
எதிர்க்கடைப் போர்ட்டில் பாதிப் பேரைத் தின்றிருந்தது.
கண்டக்டர் பொகவந்தலாவ பொகவந்தலாவ என்று
பஸ்ஸின் வயிற்றில் தட்டினான்.

“ஒத்தக்கால்ல துள்ளுறதுங்க. நொண்டி.”

கொஞ்சம் யோசித்தார்.
“பாண்டி ஆடுற மாதிரியா?”
“ஆமாங்க.”
“எம் மக நல்லா ஆடும்.
லயத்து வாசல்ல கரியில கட்டம் கீறி,
கோட்ட மிதிக்காம நொண்டியடிச்சு வந்துட்டா
ஒரு கட்டத்த வீடுன்னு போட்டுக்கலாம்.
அப்புறம் அதுல
வேற ஆளு கால் வைக்க ஏலாது.
மூணு வீடு வச்சிருந்திச்சி ஒருநாள்.
மழ வந்து அழிச்சிட்டு.”

சிரித்தார்.
இந்தத் தடவை
எதற்கென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு பி-யை அழித்தேன்.
வரி சுருங்கி, கீழே தனியாய்க் கிடந்த சொல்
மேலே ஏறி வந்து ஒட்டிக்கொண்டது.
காசு வேண்டாம் என்றேன்.
எண்ணி, கண்ணாடி மேல் வைத்தார், நூற்றைம்பது.

வட்டம் போட்ட பழைய தாளையும் கேட்டார்.
இரண்டையும் ஒன்றாய் எட்டாய் மடித்து
ஒரே பையில் செருகி
பஸ் படியில் காலை வைத்தார்.
திங்கட்கிழமை எதைக் கொடுக்கப்போகிறார் என்று
நான் கேட்கவில்லை.